எல்லாவற்றையும் காட்டாதீர்கள்: உலாவியில் மூலக்கூறு காட்டிப் பாடம் நடத்த ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உயிர் அறிவியல் எடுக்கிறேன். புதிதாக இந்த ஊருக்கு வேலைக்கு வந்திருக்கும் தமிழ் ஆசிரியர்களும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு அறிவியலையும் கொஞ்சம் தமிழில் சொல்லிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மூலக்கூறைத் திரையில் சுழற்றிக் காட்டுகிறீர்களே, அதற்கு எந்த மென்பொருள் வாங்க வேண்டும்?" எதையும் வாங்க வேண்டியதில்லை, கணினியில் நிறுவவும் வேண்டியதில்லை. உலாவி ஒன்று இருந்தால் போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நான் இதை வகுப்பில் செய்தபோது, உயிரணுவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமைத் திறந்தேன். புரத உற்பத்திப் பாடம். உண்மையான ரைபோசோமையே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்கள். பள்ளிக் கணினி பல நிமிடங்கள் அசையவில்லை. ஒருவழியாகப் படம் வந்ததும் பிள்ளைகள் "வாவ்" என்றார்கள். ஐந்து நிமிடம் கழித்து, பார்த்ததில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். "நிறைய நூல் மாதிரி இருந்தது, மேம்" என்றான் ஒருவன். அவன் சொன்னது சரிதான். நான் காட்டியது அதைத்தான்.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறேன். பாடத்துக்கு ஒரு கேள்வி, கேள்விக்கு ஒரு மூலக்கூறு. அந்தக் கேள்விக்கு வேண்டாததையெல்லாம் மறைத்துவிட வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றைச் செய்யும் வழிதான்.

முதலில் கணினி

உலாவிக்குள் முப்பரிமாணப் படம் ஓடக் காரணம் வெப்ஜிஎல் என்ற ஏற்பாடு. 2011-இல் வந்தது. அதற்கு முன் ஜாவா நிறுவி, அனுமதி கேட்டு, பாதுகாப்பு எச்சரிக்கைகளோடு மல்லுக்கட்டி, பாடவேளை அதிலேயே போய்விடும். இப்போது குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எதுவானாலும் சரி, பழைய மடிக்கணினியும் கைப்பேசியும்கூடப் பெரும்பாலும் போதும். கறுப்புப் பெட்டி மட்டும் வந்து படம் வராவிட்டால், உலாவியின் அமைப்புகளில் 'ஹார்ட்வேர் ஆக்சலரேஷன்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பள்ளியின் இணைய வடிகட்டி அந்தத் தளத்தைத் தடுத்திருக்கலாம். ஆகவே வீட்டுக் கணினியில் சோதித்தது போதாது. வகுப்பறைக் கணினியில், வகுப்பறை இணையத்தில், முந்தைய நாளே திறந்து பாருங்கள்.

எதைத் திறப்பது?

நிறைய இருக்கின்றன. இரண்டை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ஆல்கஹால், காஃபீன் போன்ற சிறிய மூலக்கூறுகளுக்கு மோல்வியூ. பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் இடப்பக்கம் தட்டைப் படமும் வலப்பக்கம் முப்பரிமாணப் படமும் வரும். அப்புறம் புரதம், டிஎன்ஏ போன்ற பெரியவற்றுக்கு மோல்ஸ்டார். அதன் பெயரை 'மோல்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். மோல்ஸ்டார் டாட் ஆர்க் தளத்தில் கிடைக்கும். புரதம், டிஎன்ஏ போன்றவற்றின் கட்டமைப்புகளைச் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கியின் அமெரிக்கக் கிளையும் ஐரோப்பியக் கிளையும் சேர்ந்து உருவாக்கியது. தரவு வங்கியின் பக்கத்தில் எந்தப் புரதத்தைத் திறந்தாலும் இதே கருவிதான் வரும்.

3டிமோல், ஐசிஎன்3டி, ஜேஎஸ்மோல் எல்லாம் நல்லவைதான். ஆனால் மூன்று கருவிகளைப் பாதி பாதியாகத் தெரிந்து வைத்திருப்பதைவிட ஒன்றில் கை பழகியிருப்பது வகுப்பில் பல மடங்கு உதவும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொத்தானைத் தேடும் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

புரதத் தரவு வங்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971-இல் ஏழே ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன, எல்லாம் இலவசம். ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. குறியீட்டை இங்கே தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தளத்தில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். '1பிஎன்ஏ' என்றால் ஒன்று, பி, என், ஏ.

கை பழக ஓர் அரை மணி நேரம்

மாலையில் தேநீரோடு உட்காருங்கள். மோல்ஸ்டாரைத் திறந்து, இடப்பக்கப் பலகையில் 'டவுன்லோட் ஸ்ட்ரக்சர்' என்ற இடத்தில் 1பிஎன்ஏ என்று அடித்து 'அப்ளை' அழுத்துங்கள். டிஎன்ஏ-வின் ஒரு சிறு துண்டு வரும்.

சுட்டியின் இடப்பொத்தானை அழுத்தி இழுத்தால் சுழலும். உருளையை உருட்டினால் அருகே வரும், தூரப் போகும். வலப்பொத்தானை அழுத்தி இழுத்தால் படம் நகரும். கைப்பேசியில் ஒரு விரலால் சுழற்றி, இரு விரலால் பெரிதாக்கலாம். இதை ஐந்து நிமிடம் செய்யுங்கள். வேகமாகச் சுழற்றும் பழக்கம் வேண்டாம். பின்வரிசைப் பிள்ளைக்குக் கண் தொடராது. கால்வட்டம் திருப்பி நிறுத்தி, பேசிவிட்டு, அப்புறம் மறுபடி திருப்புங்கள்.

மேலே எழுத்துகள் வரிசையாக ஒரு பட்டையில் இருக்கும். அதில் ஒன்றைச் சொடுக்கினால் படம் நேராக அந்த இடத்துக்குப் போய், சுற்றியுள்ளவற்றைக் குச்சி வடிவில் காட்டும். நம் வேலைக்கு மிகவும் உதவுவது இதுதான்.

வலப்பக்கம் 'காம்போனன்ட்ஸ்' என்ற பகுதியில் பாலிமர் (நீண்ட சங்கிலி), லிகண்ட் (அதில் ஒட்டியிருக்கும் சிறு மூலக்கூறு), வாட்டர் (நீர்) என்று வரிசையாக இருக்கும். எல்லாக் கட்டமைப்பிலும் எல்லாமே இருக்காது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம். அதைத் தொட்டால் அந்தப் பகுதி மறையும், மறுபடி தொட்டால் வரும். மூன்று புள்ளி அடையாளத்தைத் தொட்டால் வடிவத்தையும் நிறத்தையும் மாற்றலாம்: நாடா போன்ற கார்ட்டூன், குச்சியும் குண்டும், மேற்பரப்பு, இடம் நிரப்பிய உருண்டைகள். அந்தக் கண் படத்தைப் பத்து முறையாவது தொட்டுப் பழகுங்கள். வகுப்பில் உங்கள் கை அதிகம் போகப்போவது அங்கேதான்.

அளவெடுக்க வேண்டுமானால் அம்புக்குறிப் பொத்தானைத் தொட்டுத் தேர்வு முறைக்குப் போய், தேர்வின் அளவை 'அணு' என்று மாற்றி, இரண்டு அணுக்களைச் சொடுக்கி, 'மெஷர்மென்ட்ஸ்' பகுதியில் தொலைவைக் கேளுங்கள். விடை ஆங்ஸ்ட்ராமில் வரும். பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்.

சர்க்கரையிலிருந்து ஆரம்பிக்கலாம்

கிரேடு 10-இல் உயிர் மூலக்கூறுகள் வரும்போது நான் மோல்வியூவில் சுக்ரோஸை, அதாவது கரும்புச் சர்க்கரையைத் திறக்கிறேன். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து வந்து டர்பனில் நின்றதே, அதில் வந்தவர்களை இங்கே வரவழைத்தது கரும்புத் தோட்டம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் குடும்பக் கதையில் இந்த மூலக்கூறு இருக்கிறது. அதைப் பாடப்புத்தகத்தில் இரண்டு தட்டையான வளையங்களாக மட்டும் பார்த்துவிட்டுப் போவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்வி: இதில் இரண்டு சர்க்கரைகள் எங்கே ஒட்டியிருக்கின்றன? ஆறு முனை வளையம் குளுக்கோஸ், ஐந்து முனை வளையம் ஃப்ரக்டோஸ், நடுவில் ஓர் ஆக்ஸிஜன் பாலம். பிள்ளைகளே வந்து திரையில் தொட்டுக் காட்டட்டும். பத்து நிமிடம் போதும். இயற்பியல் அறிவியல் எடுப்பவர்கள் கிரேடு 11-இல் மூலக்கூறு வடிவங்களுக்கும் இதையே செய்யலாம். மீத்தேனில் 109.5 பாகை, நீரில் 104.5. காகிதத்தில் மீத்தேன் சிலுவை மாதிரி 90 பாகையில் இருப்பதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, சுழற்றிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

டிஎன்ஏ: கூட்டினால் 25

கிரேடு 12-இன் முதல் பருவத்தில் டிஎன்ஏ வரும். 1பிஎன்ஏ-வில் 600-க்கும் குறைவான அணுக்கள்தான். எந்தக் கணினியிலும் ஓடும். இரண்டு இழைகள், ஒவ்வொன்றிலும் 12 எழுத்துகள், அதாவது காரங்கள். ஓர் இழைக்கு 1 முதல் 12 வரை எண். மற்றதற்கு 13 முதல் 24 வரை.

முதல் வேலை, நீரை மறைப்பது. சுற்றிலும் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவை நீரின் ஆக்ஸிஜன் அணுக்கள். மறைக்காவிட்டால் பிள்ளைகளின் முதல் பத்துக் கேள்விகளும் அவற்றைப் பற்றியே இருக்கும். கேள்விகள் நல்லவைதான், ஆனால் இன்றைய கேள்வி வேறு.

இன்றைய கேள்வி: யாருக்கு யார் ஜோடி? பட்டையில் 5-ஆம் எண்ணைச் சொடுக்குங்கள். அது அடினைன். எதிரே இருப்பது 20, தைமின். அடுத்து 6, எதிரே 19. பின் 3, எதிரே 22. பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள், நீங்கள் எதையும் சொல்ல வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை "கூட்டினால் எப்பவும் 25 வருது!" என்று கத்தும். அந்தப் பிள்ளையிடம் ஏன் என்று கேளுங்கள். ஓர் இழை மேலிருந்து கீழாகவும் மற்றது கீழிருந்து மேலாகவும் எண்ணப்படுவதால்தான் அப்படி வருகிறது. இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்ற விஷயத்தை மனப்பாடம் செய்யவைக்க நான் வருடக்கணக்கில் பாடுபட்டிருக்கிறேன். இப்படிக் கண்டுபிடித்த பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

பிறகு புள்ளிக்கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். அடினைன் தைமின் இடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், குவானைன் சைட்டோசின் இடையே மூன்று. ஒன்றின் நீளத்தை அளந்தால் சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் வரும். இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும்: "ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறீர்கள், ஹைட்ரஜன் எங்கே?" படத்தில் இல்லை. இந்தக் கட்டமைப்பை எக்ஸ்கதிர் பாய்ச்சி, அது சிதறும் விதத்தை வைத்துத்தான் கண்டறிந்தார்கள். எக்ஸ்கதிரைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனுக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. பெரும்பாலான எக்ஸ்கதிர்க் கட்டமைப்புகளில் அது கண்ணுக்குச் சிக்காது. நீரின் ஆக்ஸிஜன் மட்டும் தெரிந்ததற்கும் இதுதான் காரணம்.

இந்த இடத்திலேயே படத்தைப் பற்றிய மற்ற உண்மைகளையும் சொல்லிவிடுங்கள். கார்பன் சாம்பல், ஆக்ஸிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம் என்பதெல்லாம் நாம் வைத்துக்கொண்ட வழக்கம். அணுவுக்கு நிறம் கிடையாது. குச்சி என்பது பிணைப்பின் அடையாளம். கார்ட்டூனில் தெரியும் நாடா புரதத்துக்குள் எங்கும் இல்லை. சங்கிலி போகும் வழியை நாம் வரைந்த கோடு அது. ஓர் ஆண்டு இதைச் சொல்லாமல் விட்டேன். தேர்வில் இரண்டு பேர் "டிஎன்ஏ-வின் ஆக்ஸிஜன் சிவப்பு நிறமுடையது" என்று எழுதியிருந்தார்கள். சொல்லாதது என் தவறு.

எச்ஐவி நொதி: ஓட்டை எங்கே?

நொதியும் மருந்தும் பற்றிய பாடத்துக்கு 1எச்எஸ்ஜி-யைவிட நல்ல கட்டமைப்பு எனக்குத் தெரியாது. எச்ஐவி கிருமியின் புரோட்டியேஸ் நொதி அது, உள்ளே இண்டினவிர் என்ற மருந்து உட்கார்ந்திருக்கிறது. கிருமி தன் புரதங்களை நீண்ட சங்கிலியாகச் செய்துகொள்ளும். இந்த நொதி அதைத் துண்டு துண்டாக நறுக்கினால்தான் புதிய கிருமி முதிர்ச்சி அடையும். நறுக்க முடியாவிட்டால் வெளியே வரும் கிருமிக்குத் தொற்றும் திறன் இல்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். உலகில் எச்ஐவியோடு வாழ்பவர்கள் மிக அதிகமாக உள்ள நாடு இது. உங்கள் வகுப்பில் தினமும் மாத்திரை எடுக்கும் பிள்ளை இருக்கலாம், தாயை இழந்த பிள்ளை இருக்கலாம். "உங்கள் வீட்டில் யாருக்காவது" என்ற கேள்வியை எந்த வடிவத்திலும் கேட்காதீர்கள். நொதியைப் பற்றி மட்டும் பேசுங்கள். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை மரியாதையோடு, தெளிவாகச் சொன்னால், யாருக்கு அது வேண்டுமோ அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். இண்டினவிர் 1996-இல் வந்தது. இன்று இங்கே மருத்துவமனைகளில் முதலில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது டொலுடெக்ராவிர்; அது இன்டக்ரேஸ் என்ற வேறொரு நொதியைத் தடுப்பது. இதையும் சொல்லிவிடுங்கள், குழப்பம் வேண்டாம்.

இப்போது படிகள். வகுப்பு தொடங்கும் முன்பே கட்டமைப்பைத் திறந்து, நீரை மறையுங்கள். லிகண்டையும், அதாவது மருந்தையும் மறையுங்கள். புரதத்தை மேற்பரப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். பிள்ளைகள் உள்ளே வரும்போது திரையில் ஒரு கட்டி மட்டும் இருக்க வேண்டும்.

"இது ஒரு கத்தரி. எங்கே வைத்து வெட்டும்?" இவ்வளவுதான் கேள்வி. மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் குகை மாதிரி ஒரு வழி தெரியும். பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம். எனக்கு இது இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது. கண்டுபிடித்ததும் மருந்தின் கண் படத்தைத் தொடுங்கள். குகைக்குள் கச்சிதமாக ஒரு பொருள் வந்து உட்காரும். அந்த நொடியில் வகுப்பு தானே அமைதியாகும்.

அடுத்து மேற்பரப்பை எடுத்துவிட்டு கார்ட்டூனுக்கு வாருங்கள், சங்கிலிக்கு ஒரு நிறம் கொடுங்கள். 99 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி இரண்டு. ஒன்றை அரைவட்டம் திருப்பினால் மற்றது. பிள்ளைகளை இரு கைவிரல்களையும் கோத்து, கூடு மாதிரி பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். மேலே இரண்டு மடல்கள் மூடித் திறக்கும். கீழே நடுவில், இரு சங்கிலியிலும், 25-ஆம் எண் அஸ்பார்ட்டிக் அமிலம். வெட்டும் வேலை அந்த இரண்டுக்கும்தான். பட்டையில் ஒவ்வொரு சங்கிலியிலும் 25-ஐச் சொடுக்கி, மருந்து அவற்றுக்கு எவ்வளவு அருகில் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று காட்டுங்கள்.

கடைசியாக, இதுவரை மறைத்து வைத்திருந்த நீரைத் திறங்கள். அப்புறம் மருந்தைச் சொடுக்குங்கள். மருந்துக்கும் மேல் மடல்களுக்கும் நடுவே ஒரு நீர் மூலக்கூறு தனியாக மாட்டிக்கொண்டிருக்கும். அதன் எண் 308. ஒரு பக்கம் மருந்தோடும் மறுபக்கம் இரு சங்கிலியின் 50-ஆம் எண் ஐசோலூசினோடும் ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது. முதலிலேயே எல்லா நீரையும் காட்டியிருந்தால் இந்த ஒரு துளியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த ஊர்க் கதைகள் இரண்டு

நேரம் இருந்தால் 6எம்0ஜே திறக்கலாம். கொரோனா கிருமியின் முள்ளில் ஒரு பகுதியும், அது பற்றிக்கொள்ளும் மனித உயிரணுவின் ஏற்பியும் ஒட்டியிருக்கும் கட்டமைப்பு. ஏற்பி ஏ சங்கிலி, கிருமி இ சங்கிலி. 2020 டிசம்பர் 18 அன்று தென்னாப்பிரிக்கா அறிவித்த புதிய வகையை இனங்கண்டதில் நம் டர்பன் ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் அதற்குப் பீட்டா என்று பெயர் வந்தது. அந்த வகையில் மாறியிருந்த இடங்களான 417, 484, 501 மூன்றையும் இ சங்கிலியில் சொடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏற்பியைத் தொடும் பக்கத்திலேயே இருக்கின்றன. மரபு மாற்றம் என்ற சொல்லுக்கு அன்றைக்கு ஓர் இடம் கிடைத்துவிடும்.

இன்னொன்று, ஆரன் க்ளக். லிதுவேனியாவில் பிறந்து இரண்டு வயதில் டர்பனுக்கு வந்து, இங்கேயே பள்ளி முடித்தவர். உயிர் மூலக்கூறுகளின் உருவத்தை மின்னணு நுண்ணோக்கியால் அறியும் முறைக்காக 1982-இல் வேதியியல் நோபல் பெற்றார். நாம் சுழற்றும் படங்கள் வந்த வழியை அமைத்தவர்களில் ஒருவர் நம் ஊர்ப் பிள்ளை. இதைச் சொல்லும்போது வகுப்பில் நிமிர்ந்து உட்காருபவர்களைப் பார்க்கவே நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

மின்சாரம், டேட்டா, திரை

2023-இல் லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) எப்படிப் படுத்தியது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இப்போது நிலைமை பரவாயில்லை என்றாலும் தயாராக இருங்கள். வேண்டிய கட்டமைப்புக் கோப்புகளை வீட்டிலேயே தரவிறக்கிப் பென் டிரைவில் வையுங்கள். ஒவ்வொன்றும் சில நூறு கிலோபைட்தான், ஒரு கைப்பேசிப் புகைப்படத்தைவிடச் சிறியது. காலையில் இணையம் இருக்கும்போதே மோல்ஸ்டார் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டால், பிறகு இணையம் போனாலும் கவலையில்லை. கோப்பை இழுத்து அந்தப் பக்கத்தின்மேல் போடுங்கள், திறந்துவிடும். கணக்கெல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று நான்கைந்து காட்சிகளைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கேமரா ஷட்டர் மாதிரி ஒரு பொத்தான் இருக்கிறது.

பிள்ளைகளின் கைப்பேசியில் செய்யவைப்பதானால் நான்கு பேருக்கு ஒன்று போதும். டேட்டா அவர்கள் காசு என்பதை மறக்க வேண்டாம். மங்கலான புரொஜெக்டருக்கு வெள்ளைப் பின்னணி நல்லது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். அதனால் இரு சங்கிலிகளுக்கு நீலமும் ஆரஞ்சும் கொடுக்கிறேன்.

வீட்டுப்பாடம்

தமிழ் வகுப்பானாலும் பள்ளியானாலும் நான் கொடுப்பது ஒன்றே. ஒரு மூலக்கூறு, ஒரு படம், அதன் கீழே இரண்டு வரி: எதை மறைத்தேன், ஏன் மறைத்தேன். மஞ்சளின் குர்குமின், மிளகாயின் காப்சைசின் என்று வீட்டுச் சமையலறையிலிருந்து எடுப்பவர்கள் உண்டு. மதிப்பெண் படத்தின் அழகுக்கு இல்லை, இரண்டாம் வரிக்குத்தான்.

போன ஆண்டு ஒரு மாணவி 1எச்எஸ்ஜி-யில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, மருந்தையும் மடல் நுனி இரண்டையும் நடுவில் இருக்கும் அந்த ஒரு நீரையும் மட்டும் வைத்து அனுப்பினாள். கீழே எழுதியிருந்தாள்: "மற்ற தண்ணீரை எல்லாம் மறைத்தேன். இது ஒன்றுதான் இரண்டு பக்கமும் கை கொடுத்துக்கொண்டு நிற்கிறது."